730 என்றால் எந்த 730? கிராபிக்ஸ் கார்டை எண் பார்த்துக் கண்டுபிடிப்பது

கேள்வி இது: பழைய டெஸ்க்டாப் ஒன்றில் விண்டோஸ் 10, 64 பிட், புதிதாகப் போட்டாயிற்று. உள்ளே இருப்பது ஜீஃபோர்ஸ் ஜிடி 730, 2 ஜிபி என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். திரை 1024க்கு 768லேயே நிற்கிறது. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருக்கிறது. என்விடியா தளத்தில் 730 என்று தேடி இறக்கிய டிரைவரை (கார்டை இயக்க விண்டோஸுக்கு வேண்டிய நிரல்) ஓட்டினால், பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்டுவேர் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கார்டு போய்விட்டதா, டிரைவர் தப்பா?

மானிட்டர் கேபிள் அந்தக் கார்டிலேயே செருகியிருந்து படமும் வருகிறது என்றால், கார்டைக் குறை சொல்லுமுன் டிரைவரைச் சந்தேகிக்கலாம். 730 என்ற பெயரில் என்விடியா 2014இல் மூன்று விதமான கார்டுகளை விற்றது. ஒன்று ஃபெர்மி என்ற பழைய சிப் குடும்பத்தின் ஜிஎஃப்108: 96 கோர், 128 பிட் டிடிஆர்3 மெமரி. மற்ற இரண்டும் அதற்கு அடுத்து வந்த கெப்ளர் குடும்பத்தின் ஜிகே208: 384 கோர், 64 பிட்; ஒன்றில் டிடிஆர்3, இன்னொன்றில் ஜிடிடிஆர்5. பெட்டியிலும் பில்லிலும் மூன்றுக்கும் ஒரே பெயர். ஆனால் ஃபெர்மிக்கு டிரைவர் 391.35உடன் நின்றுவிட்டது. கெப்ளருக்கு 470 வரிசை வரை உண்டு. கெப்ளருக்கான டிரைவரை ஃபெர்மி கார்டில் ஓட்டினால் நீங்கள் பார்த்த அதே செய்திதான் வரும். ஆகவே முதலில் தெரியவேண்டியது உங்களிடம் இருப்பது எந்த 730 என்பது. அதை விற்றவரும் சொல்லமுடியாது, பெட்டியும் சொல்லாது. கார்டே சொல்லும், எண்ணாக.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகிய எந்தச் சாதனமும் தன் பெயரைக் கம்ப்யூட்டரிடம் சொல்வதில்லை. சில எண்களை மட்டுமே கொடுக்கிறது: தயாரிப்பாளர் எண், சாதன எண், கார்டை அசெம்பிள் செய்த கம்பெனியின் எண், திருத்த எண். டிவைஸ் மேனேஜரில் நாம் பார்க்கும் 'ஜீஃபோர்ஸ் ஜிடி 730' என்ற எழுத்து, டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் கோப்பில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் பெயர். டிரைவர் இல்லாதபோது பெயரும் இல்லை. அதனால்தான் 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'. எண்கள் அப்போதும் அங்கேயேதான் இருக்கும்.

எடுப்பது எளிது. விண்டோஸ் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்து, உள்ளே இருப்பதன் மேல் இரட்டை கிளிக். 'டீடெய்ல்ஸ்' தாவலில் 'ப்ராப்பர்ட்டி' என்ற கீழிறங்கு பட்டியலைத் திறந்து 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து வரிகள் வரும். முதல் வரியே போதும். அதுதான் இருப்பதிலேயே முழுமையானது. அதன் அமைப்பு இப்படி இருக்கும் (திரையில் எல்லாம் ஆங்கில எழுத்தில்: வென் என்பது VEN, 10டிஇ என்பது 10DE):

பிசிஐ\வென்_10டிஇ&டெவ்_0எஃப்02&சப்சிஸ்_(எட்டு இலக்கம்)&ரெவ்_ஏ1

இடமிருந்து வலமாகப் படியுங்கள். 'வென்' என்பது சிப்பைச் செய்தவர்: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி (பழைய ஏடிஐயும் இதே எண்தான்), 8086 என்றால் இன்டெல். 8086 இன்டெல்லின் புகழ்பெற்ற பழைய பிராசசர் எண் என்பதால் மறக்கவே மறக்காது. அடுத்த 'டெவ்' தான் நமக்கு வேண்டியது. 730ஐப் பொறுத்தவரை 0எஃப்02 என்றால் ஜிஎஃப்108, ஃபெர்மி. 1287 என்றால் ஜிகே208, கெப்ளர். உங்கள் கேள்விக்கான விடை இந்த நான்கு இலக்கத்தில் இருக்கிறது. கடைசியில் வரும் 'ரெவ்' திருத்த எண்.

'சப்சிஸ்' எட்டு இலக்கத்தில் கடைசி நான்கு, கார்டை அசெம்பிள் செய்த கம்பெனி. 1043 அசுஸ், 1458 கிகாபைட், 1462 எம்எஸ்ஐ, 19டிஏ ஸோடாக். பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் 103சி ஹெச்பி, 1028 டெல், 17ஏஏ லெனோவோ. டெஸ்க்டாப்பில் டிரைவர் எடுக்க இது தேவைப்படாது. லேப்டாப்பில் தேவைப்படும், அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு சின்ன எச்சரிக்கை: இந்த வரியைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள். பூஜ்யமும் ஓ எழுத்தும், 8ம் பி எழுத்தும் குழம்பும். வரியின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து அப்படியே ஒட்டுங்கள். தேடுவதற்குப் பிசிஐ ஐடி ரெபாசிட்டரி என்ற பொதுப் பட்டியல் இருக்கிறது. அங்கே தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் கொடுத்தால் சிப்பின் உள்பெயரோடு சேர்த்துக் காட்டும். உள்பெயர்தான் முக்கியம், சந்தைப் பெயர் அல்ல.

இனி உங்கள் 730க்கு. 0எஃப்02 வந்தால் 391.35, விண்டோஸ் 10, 64 பிட். 2018 மார்ச்சில் வந்தது, ஃபெர்மிக்குக் கடைசி. 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே கடைசி, ஏனென்றால் 390 வரிசைக்குப் பிறகு 32 பிட்டுக்கு டிரைவர் செய்வதையே என்விடியா நிறுத்திவிட்டது. அதனால் 32 பிட் விண்டோஸில் கெப்ளர் 730 இருந்தாலும் 391.35க்கு மேல் போகமுடியாது.

1287 வந்தால் 470 வரிசை. இங்கே எண்ணைப் பார்த்துக் குழம்புவார்கள்: 472, 473, 474, 475 என்று தொடங்குபவை எல்லாம் இதே வரிசையின் தொடர்ச்சிதான். கெப்ளருக்கு 2021 அக்டோபரோடு புது வசதிகள் நின்றுபோய், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2024 வரை இந்த எண்களில் வந்தன. 475.14 கிடைத்தால் அதைப் போடுங்கள். 496இல் தொடங்கி அதற்கு மேல் எதுவும் கெப்ளரைத் தொடாது. 'புதியது எப்போதும் நல்லது' என்று 500களில் வரும் டிரைவரை இறக்கி நேரத்தை வீணடிக்கவேண்டாம்.

இறக்கிய டிரைவர் உங்கள் கார்டுக்குப் பொருந்துமா என்று இன்ஸ்டால் செய்யாமலே பார்க்க ஒரு வழி உண்டு. அதிகம் பேருக்குத் தெரியாது. என்விடியா இன்ஸ்டாலர் ஓடும்போது முதலில் தன்னைச் சி டிரைவில் 'என்விடியா' என்ற ஃபோல்டருக்குள் விரித்துக்கொள்ளும். 'பொருந்தவில்லை' என்று நின்றபிறகும் அந்த ஃபோல்டர் அங்கேயே கிடக்கும். உள்ளே 'லிஸ்ட்டிவைசஸ்' என்ற டெக்ஸ்ட் கோப்பு இருந்தால் நோட்பேடில் திறந்து உங்கள் 'டெவ்' எண்ணைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் 'டிஸ்ப்ளே.டிரைவர்' ஃபோல்டரில் உள்ள ஐஎன்எஃப் கோப்புகளில் தேடலாம். எண் இருந்தால் பொருந்தும். இல்லாவிட்டால் எத்தனை முறை முயன்றாலும் பொருந்தாது. சிலர் அந்த ஐஎன்எஃப் கோப்பில் தங்கள் எண்ணைச் சேர்த்து எழுதி ஓட்டச் சொல்வார்கள். கோப்பை மாற்றியவுடனே அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. விண்டோஸ் மறுக்கும் அல்லது டிவைஸ் மேனேஜரில் கோட் 52 என்ற பிழை எண்ணைக் காட்டும். கையொப்பச் சோதனையையே அணைத்துவிட்டுப் போட்டாலும், ஃபெர்மியை இயக்கும் நிரல் அந்த டிரைவருக்குள் இல்லை என்ற உண்மை மாறாது.

சரியான டிரைவர் கையில் வந்தபின், ஏற்கெனவே இரண்டு மூன்று முயற்சி தோற்றிருப்பதால், பழையதைத் துடைத்துவிட்டுப் போடுவது நல்லது. முதலில் டிரைவரையும் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவசக் கருவியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுவார்கள்: நீங்கள் துடைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நிமிட இடைவெளியில் விண்டோஸ் அப்டேட் தானாக ஏதோ ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும், பிறகு உங்கள் இன்ஸ்டாலர் அதோடு மோதும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் அழுத்தி, 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியே போய் ரீஸ்டார்ட் ஆனபின் 4 அழுத்தினால் சேஃப் மோட். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கும் லேப்டாப் என்றால் இந்த இடத்தில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். அதை எடுத்து வைத்துக்கொள்ளாமல் சேஃப் மோடுக்குப் போகவேண்டாம். துடைத்து, ரீஸ்டார்ட் செய்து, டிரைவரை ஓட்டி, 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, 'கிளீன் இன்ஸ்டலேஷன்' பெட்டியில் டிக் போடுங்கள். டிரைவரோடு சேர்ந்து வரும் ஜீஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்ற துணை நிரல் இந்த வயதுக் கார்டுக்கு வெறும் சுமை, எடுத்துவிடலாம். எல்லாம் முடிந்து சிஸ்டம் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனபிறகு நெட்டைச் செருகுங்கள்.

போட்டது சரியானதுதானா என்று பார்க்க டிவைஸ் மேனேஜரில் 'டிரைவர்' தாவலுக்குப் போனால் 23.21.13.9135 என்று ஏதோ ஒரு எண் இருக்கும். 391.35 எங்கே என்று பயப்படவேண்டாம். புள்ளிகளை மறந்துவிட்டுக் கடைசி ஐந்து இலக்கங்களை எடுங்கள்: 3, 9, 1, 3, 5. அதாவது 391.35. அதேபோல 30.0.14.7514 என்பது 475.14. முன்னால் இருப்பவை விண்டோஸின் கணக்கு. என்விடியாவின் கணக்கு வாலில் இருக்கிறது. என்விடியா டிரைவருக்கு மட்டும்தான் இந்த வாய்ப்பாடு. இன்டெல்லிலும் ஏஎம்டியிலும் இப்படிப் படிக்கக்கூடாது.

இன்டெல் பற்றி. தனிக் கார்டு இல்லாமல் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால், பிராசசரின் எண்ணைப் பார்ப்பதுதான் குறுக்குவழி. பென்டியம், செலரான் சிப்புகளில் பல தலைமுறைகளுக்கு எண்ணே இல்லாமல் வெறும் 'ஹெச்டி கிராபிக்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். பெயரை வைத்துத் தேடினால் காட்டில் விட்டதுபோல்தான். பிராசசர் எண்ணை டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' தாவலில் சிபியூ பகுதியின் வலது மேல் மூலையில் பார்த்து, அதை இன்டெல் தளத்தில் கொடுங்கள். இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும்: அவற்றில் இருக்கும் ஹெச்டி 2000, ஹெச்டி 3000 இரண்டுக்கும் இன்டெல் விண்டோஸ் 10 டிரைவர் செய்யவே இல்லை. விண்டோஸ் அப்டேட் கொடுக்கும் 9.17.10.4459 பழைய விண்டோஸுக்கு எழுதியது. அதோடு காலம் தள்ளவேண்டியதுதான்.

ஏஎம்டியில் குழப்பம் நேர் எதிர்த் திசையில் வருகிறது. அங்கே ஒரே எண்ணுக்குப் பல பெயர்கள். 'வென்' 1002, 'டெவ்' 6660 என்ற ஒரே லேப்டாப் சிப், ஹெச்டி 8670எம் ஆகவும், ஆர்5 எம்330 ஆகவும், எம்430 ஆகவும், கடைசியில் ரேடியான் 520 ஆகவும் வெவ்வேறு ஆண்டுகளில் விற்பனையானது. டெஸ்க்டாப்பில் 'டெவ்' 67டிஎஃப் என்பதும் அப்படித்தான். அங்கே 'ரெவ்' தான் பிரித்துக் காட்டும்: சி7 என்றால் ஆர்எக்ஸ் 480, சிஎஃப் என்றால் 470, இ7 என்றால் 580, இஎஃப் என்றால் 570. டிரைவருக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை, நான்குக்கும் ஒரே கோப்புதான். ஆனால் செகண்ட் ஹேண்டில் 580 என்று வாங்கியவர்கள் 'ரெவ்' பார்த்துக்கொள்வது நல்லது. 'டெவ்' 6எஃப்டிஎஃப் என்று வந்தால் அது கோர் குறைத்த 580 2048எஸ்பி. முழு 580 அல்ல. டிரைவர் ஆதரவு எங்கே முடிகிறது என்பதற்கு ஏஎம்டியில் ஒரு கோடு நினைவில் இருந்தால் போதும்: ஹெச்டி 7000 வரிசையும், ஆர்7, ஆர்9 பெயர்களில் வந்த 200, 300 வரிசைகளும் 2021 ஜூனில் பழைய பட்டியலுக்குப் போய்விட்டன. ஆர்எக்ஸ் 400க்கு மேல் உள்ளவர்கள் தளத்தில் தங்கள் கார்டின் பக்கத்தில் இருப்பதை எடுக்கலாம்.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருப்பது சாதாரணம். டிஸ்ப்ளே அடாப்டர்ஸில் 8086 ஒன்று, 10டிஇ அல்லது 1002 ஒன்று என்று இரண்டு வரிகள் வரும். இரண்டுக்கும் டிரைவர் வேண்டும். முதலில் உள்ளிருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டிக்கு, பிறகு தனிச் சிப்புக்கு. திரையில் படத்தைக் கொடுப்பது பெரும்பாலும் உள் கிராபிக்ஸ்தான். தனிச் சிப் வரைந்ததையும் அதுதான் வெளியே அனுப்புகிறது. இங்கே சிப் தளத்துக்கு ஓடுமுன் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே இருப்பது பழையதாக இருக்கலாம், ஆனால் பிரைட்னஸ் பட்டன், ஹெச்டிஎம்ஐ வெளியீடு, ஸ்லீப் எல்லாம் வேலை செய்யும்படி சோதித்த டிரைவர் அதுதான். இன்டெல் இன்ஸ்டாலர் 'இந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த டிரைவர் சரிபார்க்கப்படவில்லை, தயாரிப்பாளரிடம் வாங்குங்கள்' என்று திருப்பி அனுப்புவதும் இதனால்தான். மேலே சொன்ன 'சப்சிஸ்' எண்ணைப் பார்த்துத்தான் அது அப்படிச் சொல்கிறது. 2020க்குப் பிந்தைய இன்டெல் டிரைவர்களில் இந்தப் பூட்டைத் தளர்த்திவிட்டார்கள்.

டெஸ்க்டாப்பில் அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று உண்டு. கார்டு ஸ்லாட்டில் இருக்கும், மானிட்டர் கேபிள் மதர்போர்டு போர்ட்டில் இருக்கும். கார்டு இருந்தும் திரையை இன்டெல்தான் ஓட்டுகிறது என்றால் கேபினெட்டின் பின்புறம் பாருங்கள்: நிற்கும் கேபினெட்டில் மேலே செங்குத்தாக இருப்பவை மதர்போர்டு போர்ட்டுகள், கீழே படுக்கைவாக்கில் இருப்பவை கார்டின் போர்ட்டுகள். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரில் உள் கிராபிக்ஸே கிடையாது. மதர்போர்டு போர்ட்டில் செருகினால் ஒன்றுமே வராது.

எண்ணும் பொய் சொல்லும் ஒரு இடம் இருக்கிறது, போலிக் கார்டு. பழைய ஃபெர்மி கார்டின் பயோஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) அழித்து, ஜிடிஎக்ஸ் 1050 டிஐயின் எண்ணான 1சி82ஐ எழுதி விற்கிறார்கள். விண்டோஸ் அந்த எண்ணை நம்பி 1050 டிஐ டிரைவரை ஏற்றும். அடுத்த நிமிடம் திரை கருக்கும், அல்லது டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை வரும். டிரைவரை எத்தனை மாற்றினாலும் தீராது. பிடிக்க இரண்டு வழி. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியூ-இஸட் கருவியின் 2.12க்குப் பிந்தைய பதிப்பு பல பழைய சிப்புகளை அடையாளம் கண்டு பெயருக்கு முன் 'ஃபேக்' என்று போட்டுவிடும். கருவியே வேண்டாம் என்றால் கார்டின் பின்பக்கம் பாருங்கள். 1050 டிஐ போன்ற பாஸ்கல் (கெப்ளருக்குப் பின் வந்த என்விடியா குடும்பம்) சிப்புகளில் விஜிஏ வெளியீடே கிடையாது. நீல நிற 15 ஓட்டை விஜிஏ போர்ட்டோடு ஒரு '1050 டிஐ' வந்தால் சந்தேகமே வேண்டாம், அது போலி. அதன் உண்மையான சிப்பை அறிய ஹீட்சிங்க்கைக் கழற்றி, சிப்பின் மேல் அச்சிட்ட ஜிஎஃப் அல்லது ஜிகே என்று தொடங்கும் எழுத்தைப் படிக்கவேண்டும். கழற்றினால் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட்டுத்தான் மூடவேண்டும். திருப்பிக் கொடுக்க வாய்ப்பிருந்தால் கழற்றாமல் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

லினக்ஸ்காரர்களுக்கு வேலை குறைவு. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற தேர்வோடு (lspci -nnk) ஓட்டினால் விஜிஏ வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்களும், அடுத்த வரிகளில் இப்போது எந்த டிரைவர் ஓடுகிறது என்பதும் வந்துவிடும். ஃபெர்மிக்கு 390, கெப்ளருக்கு 470 என்ற கணக்கு இங்கேயும் அதேதான். ஆனால் 390 புதிய கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) கம்பைல் ஆகாமல் படுத்தும். 0எஃப்02 உள்ளவர்கள் லினக்ஸோடு கூடவே வரும் நூவோ என்ற திறந்த மூல டிரைவரோடு விட்டுவிடுவது நிம்மதி.

உங்கள் கார்டில் 0எஃப்02, 1287 இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவது வந்தால் அந்த முதல் வரியை முழுதாகக் காப்பி செய்து, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.